படுத்துப் பார்க்கும் முகம்

மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது விலை அல்ல, படுப்பது. வாடிக்கையாளர் முன்னால் ஒரு மனுஷி மெத்தையில் படுப்பதென்பது லேசுப்பட்ட காரியமில்லை. தொப்பென்று விழக்கூடாது, விழுந்தால் மெத்தை சரியில்லை என்று நினைப்பார்கள். கூச்சப்பட்டு நெளியக்கூடாது; நெளிந்தால் ஆளே சரியில்லை என்று நினைப்பார்கள். ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைச் சேர்த்துத் தூக்கி, ஒருக்களித்து, பிறகு மல்லாந்து, கண்ணைப் பாதி மூடி, உதட்டோரம் ஒரு சிரிப்பைத் தடவிக்கொண்டு, மூச்சை நீளமாக வெளியே விடவேண்டும். வியாபாரமே அந்தக் கடைசி மூச்சில்தான் இருக்கிறது.

அவள் அதில் கைதேர்ந்தவள். சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வரும் தம்பதிகூட, அவள் ஒரு தடவை படுத்து மூச்சு விட்டால் கப்சிப் என்று ஆகிவிடுவார்கள். அதைப் பார்த்துத்தான் மேனேஜர், "விளம்பரத்துக்கு எதுக்கு வெளியில இருந்து ஆளு? நம்மகிட்டயே ஒரு தூங்குமூஞ்சி இருக்கே" என்று அவளையே படம் பிடித்துக் கடை முகப்பில் ஏற்றினார். ஒரு லாரி நீளத்துக்கு அவள் மெயின்ரோட்டைப் பார்த்து மல்லாந்து கிடந்தாள். பாதிக் கண், உதட்டோரச் சிரிப்பு. தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் 'சொர்க்கம் இங்கே'.

எதிர்க் கட்டடத்துக் காவலாளி தினமும் காலையில், "என்னம்மா, மேல இருக்கறவங்க இன்னும் எழுந்திரிக்கலையா?" என்று கேட்பார். அவளும் தினமும், "அவங்களுக்கு லீவுண்ணே, டியூட்டி எனக்குத்தான்" என்பாள். அந்த ஜோக் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டு பேரும் மரியாதைக்காக அதைத் தினமும் ஒரு தடவை தூக்கி உட்காரவைத்தார்கள்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் அவளை அழைத்துப்போக பைக்கில் வருவார், ரோட்டுக்கு அந்தப் பக்கமே நிற்பார், ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார். கடையில் அவருக்குப் பெயரே 'ஹெல்மெட்'. அதற்குள் ஒரு முகம் இருக்கிறது என்பதை எல்லோரும் நம்பினார்கள், யாரும் பார்த்ததில்லை. தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை: சந்தேகம் இருக்கிற லிஃப்டில் ஆளை ஏற்றக் கூடாது. போன உடனே 'பழுது' என்று ஒரு போர்டை மாட்டிவிடுவார். கோளாறு எங்கே என்று தெரிகிற வரை வாயைத் திறக்க மாட்டார். பத்து மாடி ஏறி வந்த பெரியவர்கள் மூச்சிரைக்கத் திட்டினாலும், "பாத்துட்டிருக்கேன் சார்" என்பதற்கு மேல் ஒரு சொல் வராது. வீட்டிலும் ஆள் அப்படித்தான்.

போன வருஷம் அவளுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போனது. வெள்ளை மெத்தையில் படுத்துக் காட்டுகிற உத்தியோகத்துக்கு அது ஒத்துவரவில்லை. டாக்டரம்மா ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கட்டி ஒண்ணு ரெண்டு இல்லம்மா, கூட்டுக் குடும்பமே நடத்துது. பையோட எடுத்துடலாம். பொண்ணு எவ்வளவு பெருசு?"

"காலேஜ் போறா டாக்டர்."

"அப்புறம் என்ன? பை எதுக்கு இனிமே?"

எதுக்கு என்று கேட்டால் அவளுக்குப் பதில் தெரியவில்லை. கையை எதுக்கு, காலை எதுக்கு என்று கேட்டால் சொல்லலாம். கர்ப்பப்பை விஷயத்தில் குழந்தையைத் தவிர வேறு காரணம் எதையும் அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. அதனால் சரி என்று தலையாட்டினாள். சினைப்பைகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. "அதையும் எதுக்கு விட்டுவச்சு? பின்னாடி வம்பு பண்ணும்" என்று டாக்டரம்மா அவற்றையும் சேர்த்துக்கொண்டார். கடையில் மெத்தையோடு தலையணையைச் சேர்த்துத் தள்ளிவிடுகிற அதே தொனி. அந்தத் தொனிக்கு மறுப்பு சொல்ல அவளுக்குப் பழக்கமில்லை. அவள்தான் எப்போதும் அந்தப் பக்கம் நிற்பவள்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். "எடுத்த இடம் காலியா இருக்குமா டாக்டர்?"

"காலியா எங்க இருக்கும்? குடல் இறங்கி வந்து உக்காந்துக்கும். பிறப்புப் பாதையோட மேல்முனையை, கோணிப்பை வாயைத் தைக்கிற மாதிரி தைச்சுடுவோம். வெளிய ஒரு கோடு மட்டும்தான் தெரியும், பிகினி போட்டாக்கூட தெரியாது."

பிகினியைப் பற்றி அவளுக்குக் கவலை இருக்கவில்லை. குடலை நினைத்தால்தான், பஸ்ஸில் ஜன்னல் சீட்டு காலியாகட்டும் என்று காத்திருந்த ஆள் ஞாபகத்துக்கு வந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இதை எல்லோரும் சொன்னார்கள். நர்ஸ் சொன்னாள், வீட்டுக்காரர் சொன்னார், பக்கத்துப் படுக்கைக்காரி சொன்னாள். நாத்தனார் போன் பண்ணி, "எனக்கும் எடுத்துட்டாங்கல்ல? அதுக்கப்புறம் ராஜ வாழ்க்கைதான் அண்ணி. எந்தத் தொல்லையும் கிடையாது" என்றாள். எந்தத் தொல்லை என்று அவள் கேட்கவில்லை. நாத்தனாரின் புருஷனைப் பார்த்தவர்களுக்கு அது ஊகிக்கக் கூடியதுதான்.

ஆறு வாரம் கழித்துப் பரிசோதனை. டாக்டரம்மா கையுறையைக் கழற்றியபடி, "அருமையா ஆறியிருக்கு. தையல் தெரியவே இல்ல. இனிமே எல்லாம் பழையபடி. குடும்பம் நடத்தலாம்" என்றார். ஏதோ இத்தனை நாள் குடும்பத்தை வாடகைக்கு விட்டிருந்ததுபோல.

குடும்பம் நடத்திப் பார்த்தார்கள்.

முதல் தடவை, உள்ளே ஆழத்தில் ஒரு இடத்தில் சுவர் தட்டியது. முன்பு அங்கே சுவர் கிடையாது. சுவரில் சுருக்கென்று ஒரு வலி. சுவருக்கு இந்தப் பக்கம் வறண்டு போன தொண்டையில் மாத்திரை விழுங்குகிற மாதிரி. அதற்கும் இந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. அதுதான் அவளை ஆடிப்போக வைத்தது. வலியை விட அந்த ஒன்றுமில்லை. அடுத்த அறையில் யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள் என்பதுபோலத் தெரிந்தது, அவ்வளவுதான். முன்பெல்லாம் உச்சத்தில் அடிவயிற்றுக்குள் ஏதோ ஒன்று இறுகி, தளர்ந்து, மறுபடி இறுகி, அலை மாதிரிப் பரவும். அது எது என்று அவள் யோசித்ததே கிடையாது. இப்போது புரிந்தது. அந்த 'எது' ஆஸ்பத்திரியில் ஒரு ட்ரேயில் போயிருந்தது. பை எதுக்கு என்று கேட்டபோது சொல்லியிருக்க வேண்டிய பதில், இத்தனை நாள் கழித்து வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். வேறு தொழிலில் இருக்கிறவளாக இருந்தால் முகம் சுளித்திருப்பாள், இல்லை அழுதிருப்பாள், குறைந்தபட்சம் 'ஐயோ' என்றாவது சொல்லியிருப்பாள். இவள் படுத்த நிலையில் என்ன செய்யப் பழகியிருந்தாளோ அதைச் செய்தாள். கண்ணைப் பாதி மூடினாள். உதட்டோரம் சிரிப்பைத் தடவிக்கொண்டாள். கடைசியில் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார்.

அடுத்த தடவையும் அதே முகம். அதற்கடுத்த தடவையும். நடு நடுவே திடீரென்று உடம்பெல்லாம் கொதித்து வியர்த்துக் கொட்டும்; போர்வையை உதைத்துத் தள்ளுவாள், அரைமணியில் குளிரும். அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஃபேனைக் கூட்டிக் குறைத்தார். "என்ன ஆச்சு?" என்று அவர் கேட்கவில்லை. "ஒண்ணுமில்ல" என்று அவளும் சொல்லவேண்டி வரவில்லை.

மறுபடியும் டாக்டரிடம் போனாள். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டு போனாள். உள்ளே போனதும் கட்டியது அவிழ்ந்துவிட்டது.

"டாக்டர், எல்லாம் ஆறிடுச்சு. ஆனா கீழ... வந்து... முன்ன மாதிரி இல்ல."

"முக்கறீங்களா?"

அவள் ஒரு விநாடி யோசித்தாள். வெளியே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவு பாதி திறந்திருந்தது. "ஆமாம்" என்றாள்.

மலச்சிக்கலுக்கு ஒரு பாட்டில் மருந்து எழுதிக் கொடுத்தார். அதை வாங்கிவந்து, எழுதித் தந்துவிட்டார்களே என்பதற்காக முழுப் பாட்டிலையும் குடித்து முடித்தாள். அந்த வாரம் கடையில் படுத்துக் காட்டுவது ஒரு சவாலாக இருந்தது.

பிறகு அவர் ஹாலில் படுக்க ஆரம்பித்தார். முதல் நாள் மேட்ச் பார்க்கிறேன் என்றார். அடுத்த நாள் முதுகு வலி, தரைதான் சுகம் என்றார். மெத்தை விற்கிறவளின் புருஷன் தரைதான் சுகம் என்பது, தொழில் ரீதியாகப் பார்த்தாலும் ஒரு அடிதான். மகள், "என்னப்பா, அம்மா விரட்டிட்டாங்களா?" என்று சிரித்தாள். அவர் சானலை மாற்றினார்.

அவளுக்கு எல்லாமே ஒரு பிளாஸ்டிக் உறைக்கு அந்தப் பக்கம் நடப்பதுபோல இருந்தது. கடையில் புது மெத்தைக்குப் போட்டு வருவார்களே, அந்த மாதிரி. பார்க்கலாம், தொடலாம், சரசரக்கும், உள்ளே போக முடியாது. அழுகைகூட வரவில்லை. ஒரே ஒரு கணக்கு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது: ஒன்றுமே தெரியவில்லை என்று சொன்னால் அவர் போய்விடுவார். சொல்லாவிட்டாலும் போய்க்கொண்டிருக்கிறார். இப்போதைக்கு ஹால் வரை போயிருக்கிறார். ஹாலுக்கு அடுத்து வாசல்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் மேனேஜர் அவளைக் குடோனுக்குச் சரக்கு சரிபார்க்க அனுப்பினார். குடோன் சாவியை வைத்திருந்தவர் வரவில்லை. அவள் திரும்பிக் கடைக்கே வந்தாள்.

கண்ணாடிக் கதவைத் தள்ளும்போதே பார்த்தாள். கடைக்கோடியில், சிங்கிள் மெத்தைகளும் கட்டில்களும் இருக்கிற பகுதியில், ஒரு ஆள் மல்லாந்து படுத்திருந்தார். முகம் தூணுக்குப் பின்னால். கால்கள் மட்டும் தெரிந்தன. சாம்பல் நிறக் காலுறை, வலது பெருவிரலில் ஓட்டை. அந்த ஓட்டையை அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். தூக்கிப் போடுங்க என்று அவளே மூன்று தடவை சொல்லியிருக்கிறாள்.

பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருந்தவள் அவளோடு வேலை பார்க்கும் ஸ்பிரிங் அக்கா. பேசும்போது குதிகாலில் ஏறி ஏறி இறங்குவதால் வந்த பெயர். அக்காவுக்கு இந்த ஆள் யாரென்று தெரியாது. ஹெல்மெட் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"தனியா படுக்கறவங்களுக்கு இதுதான் சார் பெஸ்ட். தொந்தரவே கிடையாது. வீட்ல அவங்க ஊருக்குப் போயிருக்காங்களா?"

"இல்ல, இருக்காங்க."

"ஓ. குறட்டையா?"

"யாரு?"

"உங்களுக்கு சார். பொதுவா குறட்டைன்னாதான் தனிக்கட்டில் வாங்குவாங்க. இல்ல, வேற ஏதாவது…" அக்கா ஒரு தடவை ஏறி இறங்கினாள். "நமக்கு எதுக்கு சார் அதெல்லாம்? வெள்ளிக்கிழமை டெலிவரி போட்டுடவா?"

"போடுங்க."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஹாலுக்கு அடுத்து வாசல் என்று போட்ட கணக்கு தப்பு, நடுவில் ஒரு தனிக்கட்டில் இருந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது. நடந்து போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள்.

"இவரை நான் பாத்துக்கறேங்க்கா. உங்களை மேனேஜர் தேடறாரு."

மேனேஜர் தேடவில்லை. ஆனால் அக்கா போய்விட்டாள். மேனேஜர் எப்போதும் யாரையாவது தேடிக்கொண்டுதான் இருப்பார்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். மெத்தை மிருதுவானது, கை அழுந்தி மறுபடி உள்ளே போனார். படுத்தபடியே அவளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் முன்னால் கோத்து, கடையில் நிற்கிற மாதிரி நின்றாள்.

"வணக்கம் சார். மெத்தை யாருக்கு?"

"நீ குடோனுக்குப் போறேன்னியே?"

"யாருக்கு சார்?"

"...எனக்குத்தான்."

"உலகத்துல வேற மெத்தைக் கடையே இல்லையா?"

"நீதான சொல்லுவ, மத்த கடையில எல்லாம் பஞ்சுன்னு சொல்லிப் பழந்துணியத் திணிக்கறான்னு. வெளிய வாங்கினா நீ திட்டுவ."

பெண்டாட்டியை விட்டுத் தள்ளிப் படுக்கப் போகிறவர், பெண்டாட்டியின் அபிப்பிராயத்தை மதித்து அவள் கடைக்கே வந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு இளம் ஜோடி டபுள் மெத்தையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மேனேஜர் கேபினிலிருந்து, "அந்த சாருக்கு கிளாஸ் டெமோ காட்டும்மா!" என்று குரல் கொடுத்தார்.

கிளாஸ் டெமோ என்பது கடையின் சாகசம். பெரிய மெத்தையின் ஒரு ஓரத்தில் கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் வைப்பார்கள். மறு ஓரத்தில் ஒருவர் உட்காருவார், புரளுவார், குதிப்பார். தண்ணீர் சிந்தாது. ஜனங்கள் வாயைப் பிளப்பார்கள்.

அவள் டம்ளரை நிரப்பிக்கொண்டு வந்து பக்கத்துப் பெரிய மெத்தையில் வைத்தாள். மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். வாய் தானாகப் பேசியது.

"பாருங்க சார். இந்தப் பக்கம் ஒருத்தர் என்ன பண்ணாலும் அந்தப் பக்கம் இருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. புரண்டாலும் தெரியாது. எழுந்து போனாலும் தெரியாது." படுத்தாள். கண் பாதி மூடியது. உதட்டோரம் சிரிப்பு வந்தது.

"அந்த மூஞ்சி வேணாம்" என்றார் அவர்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"எந்த மூஞ்சி?"

"வாசல்ல மாட்டியிருக்கே, அந்த மூஞ்சி." அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தினமும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு அதைத்தான பாத்துட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா? முன்ன வீட்ல உனக்கு அந்த மூஞ்சி கிடையாது. முன்ன பல்லைக் கடிப்ப. கண்ணை இறுக்கி மூடுவ. அசிங்கமா இருக்கும்."

"அசிங்கமாவா?"

"நல்லாயிருக்கும்னுதான் சொல்றேன். இப்ப போர்டு மாதிரி படுத்திருக்க. எனக்கு எப்படி இருக்கும்? எங்கயோ கோளாறு, நீ சொல்ல மாட்டேங்கற. சந்தேகம் இருக்கற லிஃப்ட்ல நான் ஆள ஏத்தறதில்ல. அதான் தள்ளி வந்துட்டேன். ஹால்ல தரையில படுத்தா உன் பொண்ணு சிரிக்கறா. அதான் கட்டில்."

அவள் கூரையைப் பார்த்தாள். டியூப் லைட்டில் ஒரு பூச்சி இருந்தது. இத்தனை வருஷம் இங்கே படுத்தும் கூரையை அவள் முழுக்கக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலங்க" என்றாள்.

"என்ன தெரியல?"

"எதுவும். மேல தொட்டா தோல் தெரியுது. கீழ போகப் போகத் தெரியல. உள்ள ஒரு இடத்துல மட்டும் வலிக்குது. மத்தபடி... நீங்க இருக்கீங்கன்னு தெரியுது, அவ்ளோதான். பக்கத்து வீட்ல யாரோ இருக்கற மாதிரி."

வாழ்க்கையில் அவள் பேசிய வாக்கியங்களிலேயே கனமானது அதுதான். டம்ளரில் தண்ணீர் ஆடவில்லை. நல்ல மெத்தை.

"வலிக்குதா?" என்றார் அவர். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதை மட்டும் பிடித்துக்கொண்டார். "ஒவ்வொரு தடவையுமா?"

"உம்."

"அதுக்கு எதுக்குடி சிரிச்ச?"

இளம் ஜோடியில் அந்தப் பெண் எட்டிப் பார்த்து, "அக்கா, தண்ணி நிஜமாவே சிந்தாதா?" என்று கேட்டாள். "சிந்தாதும்மா, வாங்க, நீங்களே குதிச்சுப் பாருங்க" என்று அவள் எழுந்து இடம் விட்டாள். அவர் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். கேபினிலிருந்து வந்த ஸ்பிரிங் அக்கா அதைப் பார்த்து வாயில் கை வைத்தாள். "அய்யய்யோ. ஹெல்மெட்டா அது?"

வெள்ளிக்கிழமை கடைக்கு வார விடுமுறை. டெலிவரிக்கு விடுமுறை கிடையாது. காலையில் இரண்டு பேர் கட்டிலைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்டில் 'பழுது' போர்டு தொங்கியது. மாட்டியவர் வாசலில் நின்று அவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க சார் போடறது?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். மகள் குறுக்கே வந்து, "என் ரூம்ல. எத்தனை நாளா கேட்டுட்டிருக்கேன்? கடைசியில வாங்கிட்டீங்களே, தேங்க்ஸ்ப்பா!" என்று அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். விவகாரம் அத்தோடு தீர்ந்தது. மகள் கட்டிலைப் படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பிவிட்டு, மத்தியானம் அவர்களிடம் நேரிலும் பெருமை அடிக்கக் கிளம்பிப் போனாள்.

வீட்டில் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். வெயில் ஜன்னல் திரையில் சதுரமாக விழுந்திருந்தது. எதிர் வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது.

"வந்து படு" என்றார்.

"இப்பவா?"

"அதுக்கில்ல. சும்மா படு. பாக்கணும்."

படுத்தாள். கண்ணைப் பாதி மூடப் போனவள் நிறுத்திக்கொண்டாள். வேறு முகம் என்ன வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் எதையும் வைக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். அடிவயிற்றில் தழும்பு ஒரு கோடாகக் கிடந்தது, டாக்டரம்மா சொன்ன மாதிரியே நேர்த்தியாக. அவர் ஆபரேஷனுக்குப் பிறகு இன்றுதான் அதை வெளிச்சத்தில் பார்க்கிறார்.

தொப்புளுக்குக் கீழே விரலை வைத்தார். "இங்க தெரியுதா?"

"தெரியுது."

கொஞ்சம் கீழே. "இங்க?"

"உம்."

"இங்க?"

"...இல்ல."

அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"ஐயோ, என்னங்க பண்றீங்க?"

"எந்த இடத்துல லைன் கட்டுன்னு தெரியாம எதைச் சரி பண்றது? பேசாம இரு. இங்க?"

"இல்ல."

"இங்க?"

"இல்ல."

புள்ளிகள் கூடின. அவர் அவற்றை இணைத்தார். தழும்புக்கு மேலே நீலத்தில் ஒரு தேசப்படம் உருவானது. ஒரு பக்கம் தீபகற்பம் மாதிரி நீண்டிருந்தது. எல்லைக்கு வெளியே விரல் சூடாகத் தெரிந்தது. உள்ளே போனால் மரக்கட்டையைத் தொடுவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி. இடது ஓரத்தில் ஒரு இடத்தில், "கொஞ்சம்" என்றாள். பிறகு, "நிஜமாத்தான். கூசுது" என்றாள். அவர் அங்கே ஒரு வட்டம் போட்டார். அதைச் சுற்றி விரலை இரண்டு தடவை ஓட்டினார். இரண்டு தடவையும் கூசியது. மூன்றாம் தடவை தெரியவில்லை.

"உள்ள இருக்கறதை என்ன பண்றதுங்க? அதை வரைய முடியாதே" என்றாள். போன தடவை டாக்டர் அறைக் கதவு பாதி திறந்திருந்ததையும், மலச்சிக்கல் மருந்தோடு திரும்பி வந்ததையும் சொன்னாள்.

"அதை நீ டாக்டர்கிட்ட வாயால சொல்லு. எங்க வலிக்குது, எங்க வறண்டு போகுது, எங்க ஒண்ணுமே இல்ல, எல்லாத்தையும் சொல்லு. நான் கூட வரேன். கதவை நான் சாத்தறேன்."

"சொன்னா சரியாயிடுமா?"

அவர் பேனாவை மூடினார். லிஃப்ட் ஓடுமா என்று கேட்கிற யாருக்கும் அவர் பார்க்காமல் வாக்குக் கொடுத்ததில்லை. "தெரியல" என்றார். "எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாதுன்னு மட்டும் தெரியும். மிச்சத்தைக் கேட்டாதான் தெரியும்."

அது ஆறுதல் இல்லை. ஆனாலும் இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் 'நல்லபடியா முடிஞ்சது' என்று சொல்லாத முதல் பேச்சு அது. அவள் தலையைத் தூக்கி வயிற்றில் இருந்த படத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கிறுக்கலோட எப்படிங்க போறது? குளிச்சா போயிடும்ல?"

"நாளைக்கு டாக்டரப் பாத்துட்டு குளி. அதுவரைக்கும் அழிக்காத."

"பாத்தா என்ன நினைப்பாங்க?"

அவர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"என்ன வேணா நினைக்கட்டும். மலச்சிக்கல்னு மட்டும் நினைக்க மாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டோரம் தடவிக்கொள்கிற சிரிப்பு இல்லை. பல்லெல்லாம் தெரிய, மூக்கு விடைக்க, பார்க்க அசிங்கமாக இருந்தது. நீலக் கோடு வரைக்கும் வயிறு குலுங்குவது அவளுக்குத் தெரிந்தது. கோட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை.

"உள்ள குலுங்குதாங்க?" என்று கேட்டாள்.

அவர் படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"குலுங்குது" என்றார்.